சீட்டுக்கட்டும் நிகழ்தகவும்: பார்க்காத சீட்டை எண்ணிப் பழகுங்கள்

பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் நிகழ்தகவு வந்துவிட்டால், "நன்கு கலைத்து அடுக்கப்பட்ட 52 சீட்டுகள் கொண்ட சீட்டுக்கட்டிலிருந்து" என்று தொடங்கும் ஒரு கேள்வியும் கூடவே வந்துவிடும். சீட்டு என்றாலே சூதாட்டம் என்று நினைத்து சீட்டுக்கட்டையே வீட்டுக்குள் விடாத குடும்பங்கள் நம்மிடம் நிறைய. அதனால் கட்டைக் கையால் தொட்டே பார்க்காத பிள்ளைகள் இந்தக் கேள்விக்கு விடை எழுத வேண்டியிருக்கிறது, கிளாவர் சிவப்பா கறுப்பா என்று தெரியாமலேயே மதிப்பெண் போய்விடுகிறது. இன்னொரு பக்கம், வருஷக் கணக்காக ரம்மி ஆடுகிறவர்கள். கட்டு அவர்களுக்கு அத்துப்படி, ஆனால் பின்னம், வகுத்தல் என்றதும் ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலிலேயே முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். சீட்டில் வரும் எந்த வாய்ப்புக் கணக்கும் இரண்டு கேள்விக்குள் அடங்கும். நான் இன்னும் பார்க்காத சீட்டு எத்தனை? அதில் எனக்கு வேண்டியது எத்தனை? இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் விடை வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு கீழே 52 என்று எழுதிவிடுவதால்தான் பாதித் தப்பு நடக்கிறது. பார்க்காத சீட்டு 52 ஆக இருக்கும்போது மட்டும் 52 போடுங்கள். ஒன்றைப் பார்த்துவிட்டால் 51. பதினைந்தைப் பார்த்துவிட்டால் அந்தப் பதினைந்தும் கழிய வேண்டும்.

கட்டைப் பிரித்து விரியுங்கள்

ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நிஜமாகவே. கையில் கட்டு இல்லாமல் இந்தப் பாடம் ஏறாது. ஜோக்கர்களை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மீதியைத் தரையில் நான்கு வரிசையாகப் பரப்புங்கள். ஸ்பேட் ஒரு வரிசை, கிளாவர் ஒரு வரிசை, இரண்டும் கறுப்பு. ஹார்ட் ஒரு வரிசை, டைமண்ட் ஒரு வரிசை, இரண்டும் சிவப்பு. சில ஊர்களில் ஹார்ட்டை ஆட்டின் என்பார்கள், ஸ்பேடை இஸ்பேட் என்பார்கள், கணக்கு ஒன்றுதான். ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலமாக ஏஸ், 2, 3 என்று 10 வரை, அப்புறம் ஜாக், ராணி, ராஜா. ஆக வரிசைக்கு 13. நான்கு வரிசைக்கு 52.

இப்போது அதையே மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஏஸ் நான்கு ஒரே பத்தியில், 2 நான்கு அடுத்த பத்தியில், இப்படி 13 பத்தி, பத்திக்கு 4 சீட்டு. வரிசை 4, பத்தி 13: இந்த ஒரு படம் மனதில் பதிந்துவிட்டால் ஒரு சீட்டுக் கேள்விகள் எல்லாமே வெறும் எண்ணும் வேலைதான். வகை கேட்டால் ஒரு வரிசை, 13. எண் கேட்டால் ஒரு பத்தி, 4. நிறம் கேட்டால் இரண்டு வரிசை, 26. படச்சீட்டு கேட்டால் கடைசி மூன்று பத்தி, 12. ஏஸைப் படச்சீட்டோடு சேர்த்து 16 என்று எழுதுகிறவர்கள் உண்டு, அது தப்பு, ஏஸில் முகம் கிடையாது. 2 முதல் 10 வரை உள்ள எண் சீட்டுகள் 36. படம் 12, எண் 36, ஏஸ் 4, கூட்டிப் பார்த்தால் 52.

படச்சீட்டுகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், நேரம் வீணாகாது. கடைகளில் கிடைக்கும் வழக்கமான கட்டில் ஸ்பேட் ஜாக், ஹார்ட் ஜாக், டைமண்ட் ராஜா மூன்று பேரும் பக்கவாட்டில் பார்க்கிறார்கள், ஒரு கண்தான் தெரியும். நான்கு ராஜாக்களில் ஹார்ட் ராஜாவுக்கு மட்டும் மீசை இல்லை, அவருடைய வாள் தலைக்குப் பின்னால் போகிறது. ஸ்பேட் ஏஸ் மட்டும் மற்ற ஏஸ்களைவிடப் பெரிதாக, அலங்காரமாக இருக்கும். இங்கிலாந்தில் 18-ம் நூற்றாண்டில் சீட்டுக்கட்டுக்கு வரி போட்டபோது, வரி கட்டியதற்கான முத்திரையை அந்தச் சீட்டில்தான் குத்தினார்கள், அந்த வழக்கம் அலங்காரமாக இன்னும் நிற்கிறது. ஜோக்கர் ரொம்பப் பிந்தி வந்தவர், 1860-களில் அமெரிக்காவில் யூக்கர் என்ற ஆட்டத்துக்காகச் சேர்க்கப்பட்டது. பரீட்சைக் கணக்கில் ஜோக்கர் இருக்கிறது என்று தனியாகச் சொன்னால் ஒழிய அதைச் சேர்க்கவே கூடாது.

ஒரு சீட்டு எடுப்பது

ஏஸ் வர வாய்ப்பு 4/52, சுருக்கினால் 1/13, சதவீதத்தில் சுமார் 7.7. ஹார்ட் வர 13/52, அதாவது கால் பங்கு. படச்சீட்டு வர 12/52, சுருக்கினால் 3/13, சுமார் 23 சதவீதம். ஒற்றைக் கண் படம் வர 3/52. இதெல்லாம் சுலபம், வேகமாகத் தாண்டிவிடலாம்.

சிக்கல் "அல்லது" என்ற சொல்லில் தொடங்குகிறது. ராஜா அல்லது ராணி வர வாய்ப்பு என்ன? ராஜா 4, ராணி 4, ஒரே சீட்டு இரண்டுமாக இருக்க முடியாது, எனவே 8/52. சரி, ராஜா அல்லது ஹார்ட்? 4 + 13 = 17 என்று கை தானாக எழுதிவிடும். தரையில் பரப்பிய சீட்டில் விரலை வைத்து எண்ணிப் பாருங்கள்: ஹார்ட் வரிசை முழுக்க 13, ராஜா பத்தியில் மீதி 3, மொத்தம் 16தான். வரிசையும் பத்தியும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஹார்ட் ராஜா உட்கார்ந்திருக்கிறார், அவரை இரண்டு தடவை எண்ணிவிட்டோம். அதனால் 4 + 13 − 1 = 16, விடை 16/52, அதாவது 4/13. பாடப்புத்தகத்தில் கூட்டல் தேற்றம் என்று சூத்திரமாக எழுதியிருப்பது இந்த ஒரு சீட்டைக் கழிப்பதைத்தான். சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறவர்களைவிட அந்த வெட்டும் இடத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் தப்பு செய்வது குறைவு.

அதே மாதிரி, சிவப்பு அல்லது படச்சீட்டு: சிவப்பு 26, படம் 12, சிவப்பாகவும் படமாகவும் இருப்பவை 6. ஆக 26 + 12 − 6 = 32, விடை 8/13.

"அல்ல" என்று வந்தால் எதிர்ப்பக்கமாகப் போங்கள். படமும் இல்லாமல் ஏஸும் இல்லாமல் ஒரு சீட்டு வர என்ன வாய்ப்பு? வேண்டாதவை 16, மீதி 36, விடை 36/52 = 9/13.

அப்புறம் பரீட்சைக்காரர்களுக்குப் பிடித்த இன்னொரு வகை: சில சீட்டுகளை முதலிலேயே நீக்கிவிட்டுக் கேட்பது. "சிவப்புப் படச்சீட்டுகள் எல்லாம் நீக்கப்பட்டன, பிறகு ஒரு சீட்டு எடுக்கப்படுகிறது." தரையில் பரப்பியதிலிருந்து அந்த 6 சீட்டை நிஜமாகவே எடுத்துவிடுங்கள். மீதி 46. கறுப்புச் சீட்டு வர 26/46, அதாவது 13/23. படச்சீட்டு வர 6/46, அதாவது 3/23. கீழே உள்ள எண் மாறிவிட்டது, மேலே உள்ளது சில சமயம் மாறும், சில சமயம் மாறாது. இரண்டையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு சீட்டு, இங்கேதான் கவனம் வேண்டும்

முதலில் எடுத்த சீட்டைத் திரும்பக் கட்டில் வைத்தீர்களா இல்லையா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கேள்வியில் அந்த வரியை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். திரும்ப வைத்துக் கலைத்துவிட்டால் கட்டு பழையபடி 52, எனவே இரண்டு தடவையும் ஏஸ் வர 1/13 × 1/13 = 1/169. திரும்ப வைக்காவிட்டால் முதல் ஏஸ் 4/52, அது போனபின் மீதி 51 சீட்டில் 3 ஏஸ், ஆக 4/52 × 3/51 = 1/221. சதவீதத்தில் 0.59-க்கும் 0.45-க்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டு சீட்டும் ஒரே எண்ணாக, ஜோடியாக வர? இதற்குப் பலர் 13 எண்ணுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுவார்கள், தேவையே இல்லை. முதல் சீட்டு எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். அதைப் பார்த்தபின் மீதி 51, அதற்கு ஜோடி 3. விடை 3/51, அதாவது 1/17, சுமார் 5.9 சதவீதம். இரண்டும் ஒரே வகையாக இருக்க இதே முறையில் 12/51, சுமார் 23.5 சதவீதம். இரண்டும் ஒரே நிறமாக இருக்க 25/51. இது பாதியைவிடக் கொஞ்சம் குறைவு, காரணம் முதல் சீட்டு தன் நிறத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ஒரு ராஜா, ஒரு ராணி வேண்டும் என்றால் வரிசையை மறக்காதீர்கள். ராஜா முதலில் வரலாம், ராணி முதலில் வரலாம். 4/52 × 4/51, அதை இரண்டால் பெருக்க வேண்டும், சுமார் 1.2 சதவீதம்.

இப்போது நான் ரொம்ப ரசிக்கும் கேள்வி. மேல் சீட்டை எடுத்து, முகத்தைப் பார்க்காமல் கவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டீர்கள். இரண்டாவது சீட்டு ஏஸாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? 51 சீட்டுதானே மீதி என்று 4/51 எழுதத் தோன்றும், அல்லது முதல் சீட்டே ஏஸாக இருந்தால் என்ன செய்வது என்று குழப்பம் வரும். இரண்டு வழியையும் கூட்டிப் பார்ப்போம். முதல் சீட்டு ஏஸாக இருந்தால் 4/52 × 3/51. இல்லாவிட்டால் 48/52 × 4/51. கூட்டினால் மேலே 12 + 192 = 204, கீழே 2652. சுருக்கினால் 1/13. முதல் சீட்டுக்கு என்ன வாய்ப்போ அதேதான்! பார்க்காத சீட்டு கட்டுக்குள் இருந்தாலும் மேஜை ஓரத்தில் இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கையில் இருந்தாலும் உங்கள் கணக்குக்கு ஒன்றுதான். அதனால்தான் சீட்டுப் போடும்போது முதலில் வாங்குகிறவருக்கு அதிர்ஷ்டம், கடைசியில் வாங்குகிறவருக்கு மிச்சம்மீதி என்று சொல்வதில் ஒன்றுமில்லை. நன்றாகக் கலைத்த கட்டில் எல்லா இடத்துக்கும் ஒரே வாய்ப்பு.

இதைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். நான்கு பேர், ஆளுக்கு 5 சீட்டு. என் கையில் ஒரு ஏஸ். கட்டிலிருந்து அடுத்து எடுக்கும் சீட்டு ஏஸாக இருக்க? கட்டில் 32 சீட்டுதான் இருக்கிறது, ஆனால் கீழே 32 போடக் கூடாது. நான் பார்த்தது 5, பார்க்காதது 47, அதில் ஏஸ் 3, எனவே 3/47, சுமார் 6.4 சதவீதம். பக்கத்தில் இருப்பவர் தன் 5 சீட்டையும் விரித்துக் காட்டுகிறார், அதில் ஏஸே இல்லை. உடனே என் கணக்கு 3/42, சுமார் 7.1 சதவீதம். கட்டில் ஒரு சீட்டும் நகரவில்லை, எனக்குத் தெரிந்தது மட்டும் கூடியிருக்கிறது.

தொடர்ந்து சிவப்பே வந்தால் அடுத்தது கறுப்புதான் என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கும் இதே விடைதான். ஒவ்வொரு தடவையும் சீட்டைத் திரும்ப வைத்துக் கலைத்தால், பத்து சிவப்பு வந்தபிறகும் அடுத்தது கறுப்பாக இருக்க சரிபாதி வாய்ப்புதான், கட்டுக்கு நினைவு கிடையாது. திரும்ப வைக்காமல் பத்து சிவப்பு போயிருந்தால் மீதி 42-ல் கறுப்பு 26, வாய்ப்பு சுமார் 62 சதவீதம். இங்கே அந்த நம்பிக்கை சரி. நாணயத்தில் எப்போதும் தப்பாகப் போகும் ஒரு யோசனை சீட்டில் சில சமயம் சரியாக இருப்பதால்தான் அது இத்தனை பேரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

"குறைந்தது ஒன்று" என்று கேட்டால்

நேராகப் போகாதீர்கள். ஐந்து சீட்டில் குறைந்தது ஒரு ஏஸ் என்றால் ஒரு ஏஸ், இரண்டு ஏஸ், மூன்று, நான்கு என்று நான்கு கணக்கு போட வேண்டும். ஏஸே வராமல் போக என்ன வாய்ப்பு என்று ஒரே கணக்கு போட்டு 1-லிருந்து கழித்துவிடுங்கள். 48/52 × 47/51 × 46/50 × 45/49 × 44/48, இது சுமார் 0.659. ஆகவே குறைந்தது ஒரு ஏஸ் வர 34.1 சதவீதம்.

13 சீட்டு என்றால் பதின்மூன்று பின்னத்தைப் பெருக்க வேண்டுமா? வேண்டாம், பார்வையைத் திருப்பிப் போடலாம். 52 இடம் இருக்கிறது, அதில் 13 இடம் என்னுடையது, 39 மற்றவர்களுடையது. நான்கு ஏஸும் அந்த 39 இடத்துக்குள் போய் விழ வேண்டும். 39/52 × 38/51 × 37/50 × 36/49, சுமார் 0.304. நான்கே பின்னத்தில் முடிந்தது. அதாவது 13 சீட்டு வாங்கினால் குறைந்தது ஒரு ஏஸ் கிடைக்க கிட்டத்தட்ட 70 சதவீதம். இந்தத் திருப்பிப் போடும் வழி கையில் அதிகச் சீட்டும் தேடுவது குறைவாகவும் இருக்கும்போதெல்லாம் உதவும். இதை வைத்தே ஒரு பந்தயக் கேள்விக்கும் விடை சொல்லலாம்: கட்டின் மேலிருந்து எத்தனை சீட்டைத் திருப்பினால் ஏஸ் தென்பட பாதிக்கு மேல் வாய்ப்பு? 8 சீட்டில் 49.9 சதவீதம், 9 சீட்டில் 54.4. ஆக ஒன்பது. வீட்டில் பிள்ளைகளோடு கலைத்துக் கலைத்துத் திருப்பிப் பாருங்கள், ஓர் இருபது தடவைக்குள்ளேயே ஆர்வம் பிடித்துக்கொள்ளும்.

மூணு சீட்டில் ஒளிந்திருக்கும் ஒரு விஷயம்

மூணு சீட்டு என்பது ஆளுக்கு மூன்று சீட்டு போட்டு, யார் கை பெரியது என்று பந்தயம் கட்டும் ஆட்டம். காசு வைத்து ஆடச் சொல்லவில்லை, கணக்குக்காக மட்டும் பார்ப்போம். 52-ல் மூன்று சீட்டைத் தேர்ந்தெடுக்க 52 × 51 × 50 வகுத்தல் 6, அதாவது 22,100 வழி. வரிசை எது என்று பார்க்காததால் 6-ஆல் வகுக்கிறோம், ஒரே மூன்று சீட்டை ஆறு விதமாக அடுக்கலாம் என்பதால்.

இதில் மூன்றும் ஒரே எண்ணாக வருவது எத்தனை? எண் 13, ஒவ்வொன்றிலும் நான்கில் ஒன்றை விட்டுவிட்டு மூன்றை எடுக்க 4 வழி, மொத்தம் 52. ஒரே வகையில் தொடர்ச்சியாக மூன்று வருவது எத்தனை? ஏஸ்-2-3 முதல் ராணி-ராஜா-ஏஸ் வரை 12 தொடர், நான்கு வகைக்கும் 48. ஆட்டத்தில் மூன்று ஒரே எண்தான் எல்லாவற்றுக்கும் மேல், ஒரே வகைத் தொடர் அதற்கு அடுத்தது. ஆனால் எண்ணிப் பார்த்தால் தொடர்தான் அரிது, 48-தான் இருக்கிறது. அரிதானது உயர்ந்தது என்ற விதிப்படி பார்த்தால் வரிசை மாறியிருக்க வேண்டும், வழக்கம் அப்படியே நின்றுவிட்டது. மற்றவை: வகை கலந்த தொடர் 720, தொடர் இல்லாமல் ஒரே வகை மூன்று 1,096, ஜோடி 3,744. மீதி 16,440 கைகளில் எதுவுமே சேராது. அதாவது நான்கு கையில் மூன்று கை வெறும் கை. இந்த ஆட்டத்தில் காசு எப்படிக் கரைகிறது என்று புரிந்துகொள்ள இந்த ஒரு எண் போதும்.

ரம்மியில் இதை எப்படிப் பயன்படுத்துவது

ரம்மியில் கையில் உள்ள சீட்டுகளை, ஒரே வகையில் அடுத்தடுத்த எண்கள் வரும் தொடர்களாகவோ ஒரே எண் கூட்டங்களாகவோ சேர்க்க வேண்டும்; வேண்டிய சீட்டுக்குப் பதிலாக ஜோக்கரை வைக்கலாம். 13 சீட்டு ரம்மிக்கு இரண்டு கட்டு சேர்க்கிறோம். கட்டுக்கு ஒரு அச்சடித்த ஜோக்கர் என்று வைத்துக்கொண்டால் 104 + 2 = 106 சீட்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் இரட்டை உண்டு என்பதுதான் முக்கிய மாற்றம்: ஹார்ட் 7 இரண்டு, மொத்த 7 எட்டு.

சீட்டுப் போட்டாயிற்று. உங்கள் கையில் 13, வெட்டிப் போட்ட ஜோக்கர் ஒன்று (அந்த எண் சீட்டுகள் எல்லாமே அந்த ஆட்டத்துக்கு ஜோக்கர்), திறந்து வைத்த சீட்டு ஒன்று, ஆகப் பார்த்தது 15. பார்க்காதது 91. எதிரே ஒருவர் இருந்தாலும் மூன்று பேர் இருந்தாலும் தொடக்கத்தில் இந்த 91 மாறாது. அவர்கள் கையில் இருப்பதும் நீங்கள் பார்க்காததுதானே.

கையில் ஹார்ட் 6, 7 இருக்கிறது என்றால் ஹார்ட் 5 வந்தாலும் சரி, 8 வந்தாலும் சரி. நான்கு சீட்டு உதவும். மூடிய கட்டிலிருந்து அடுத்த சீட்டு அதுவாக இருக்க 4/91, சுமார் 4.4 சதவீதம். கையில் 6, 8 இருந்து நடுவில் 7-க்குக் காத்திருந்தால் இரண்டே சீட்டு, 2/91, சுமார் 2.2. பத்து தடவை மூடிய கட்டிலிருந்து எடுத்தால், அந்தப் பத்துக்குள் ஒன்றாவது கிடைக்க இரு பக்கமும் திறந்த 6-7-க்கு சுமார் 38 சதவீதம், நடு இடைவெளிக்கு சுமார் 21 சதவீதம். மற்றவர்கள் கழிக்கும் சீட்டு இதற்கு மேல் கிடைக்கும் உதவி. ராஜா-ஏஸ், ஏஸ்-2 என்ற ஓரக் கைகளும் நடு இடைவெளி மாதிரிதான், ஒரு பக்கம் மட்டும் திறப்பு. இரண்டில் எதை உடைப்பது என்று தடுமாறும்போது 6-7-ஐ வைத்துக்கொண்டு 6-8-ஐ விடுங்கள்.

ஆனால் இந்த எண்கள் தொடக்கத்துக்கு மட்டும். யாரோ ஹார்ட் 8 ஒன்றைக் கழித்துவிட்டார், அது உங்களுக்கு எட்டாத இடத்தில் போய்விட்டது என்றால் உங்கள் நான்கு மூன்றாகிவிட்டது. இரண்டு 8-ம் போய், ஒரு 5-ம் போய்விட்டால் இனி உலகத்தில் ஒரே ஒரு சீட்டுதான் உங்களுக்கு உதவும், அதுவும் எதிராளி கையில் இருக்கலாம். அப்போதும் "வரும் வரும்" என்று 6-7-ஐப் பிடித்துக்கொண்டிருப்பது அதிர்ஷ்டத்தின் மேல் பாரத்தைப் போடுவது. கீழே விழும் ஒவ்வொரு சீட்டையும் கவனித்து, உங்களுக்கு வேண்டிய எண்களை மட்டுமாவது மனதில் கழித்துக்கொண்டே வாருங்கள். எல்லாச் சீட்டையும் நினைவு வைக்க வேண்டியதில்லை, நான்கைந்து போதும். 1967-ல் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வழக்கில் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது காட்டிய காரணமே இதுதான்: விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது, எதை வைப்பது எதைக் கழிப்பது என்று தேர வேண்டியிருக்கிறது. மூணு சீட்டு மாதிரி வெறும் வாய்ப்பு ஆட்டம் அல்ல என்றும் அதே தீர்ப்பு பிரித்துச் சொன்னது.

ஜோக்கர் பற்றியும் ஒரு கணக்கு. வெட்டின எண்ணில் எட்டு சீட்டு, ஒன்று கண் முன்னால் கிடக்கிறது, மீதி 7. அச்சடித்தது 2. ஆக ஆட்டத்தில் உள்ள ஜோக்கர் 9. 105 சீட்டில் உங்களுக்கு 13 விழும்போது ஒரு ஜோக்கர்கூட வராமல் போக சுமார் 29 சதவீதம். அதாவது பத்துக்கு மூன்று கை ஜோக்கர் இல்லாமல்தான் தொடங்கும், அதை துரதிர்ஷ்டம் என்று நொந்துகொள்ள ஒன்றுமில்லை. ஜோக்கரும் இல்லை, ஜோக்கர் சேராத தொடருக்கு வழியும் தெரியவில்லை என்றால் முதல் சுற்றிலேயே டிராப் செய்வது, அதாவது ஆட்டத்திலிருந்து விலகிக்கொள்வது, பல நேரங்களில் நல்ல முடிவு.

கட்டு மாறினால் எண்ணும் மாறும்

இலங்கைத் தமிழர்கள் விரும்பி ஆடும் 304-ல் 2 முதல் 6 வரை உள்ள சீட்டுகளை எடுத்துவிட்டு 32 சீட்டில் ஆடுகிறார்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் புள்ளி உண்டு: ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் வகைக்கு 76, நான்கு வகைக்கு 304. இங்கே ஏஸைவிட ஜாக்தான் பெரியவர். நான்கு பேர் ஆட்டத்தில் முதல் நான்கு சீட்டை வாங்கியதும் எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்க வேண்டும், துருப்பு (மற்ற வகைகளை வெட்டும் வகை) வைக்க வேண்டும், எனவே அந்த நான்கில் குறைந்தது ஒரு ஜாக் இருக்க என்ன வாய்ப்பு என்பது நிஜமான கேள்வி. ஜாக்கே வராமல் போக 28/32 × 27/31 × 26/30 × 25/29, சுமார் 0.569. ஆக ஜாக் வர 43 சதவீதம். எட்டு சீட்டும் வந்தபின் 70 சதவீதத்தைத் தாண்டிவிடும். 52 கட்டில் நான்கு சீட்டு வாங்கி ஜாக் எதிர்பார்த்தால் 28 சதவீதம்தான் கிடைக்கும். ஒரு கட்டில் பழகிய உள்ளுணர்வை இன்னொரு கட்டுக்குக் கொண்டு போகக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கலைப்பது

மேலே சொன்ன எல்லா எண்ணும் கட்டு நன்றாகக் கலைந்திருக்கிறது என்ற ஒரே அடிப்படையில் நிற்கிறது. ரம்மி முடிந்து அள்ளிய கட்டில் தொடர்களும் ஒரே எண் கூட்டங்களும் அப்படியே ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு கையில் பிடித்து மற்ற கைக்குக் கொத்துக் கொத்தாக உதிர்க்கும் நம் வழக்கமான முறையில் அந்தக் கூட்டங்கள் இடம் மாறுமே தவிர அவ்வளவு சீக்கிரம் உடையாது. கட்டை இரண்டாகப் பிரித்து, இரண்டு பாதியின் ஓரங்களையும் சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று விட்டுக் கோக்கும் முறைதான் வேகமானது. அந்த முறையில் 52 சீட்டுக்கு ஏழு தடவை வேண்டும் என்று டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1992-ல் காட்டினார்கள். மூன்று நான்கு தடவையோடு நிறுத்தினால் பழைய வரிசையின் தடம் கட்டுக்குள் இன்னும் இருக்கும். 52 சீட்டை அடுக்கக்கூடிய விதங்கள் 52 × 51 × 50 என்று 1 வரை பெருக்கினால் வரும் எண், அதில் 68 இலக்கங்கள் உண்டு, சரியாகக் கலைத்த ஒவ்வொரு கட்டும் அநேகமாக இதுவரை யாரும் கண்டிராத வரிசை.

ரம்மிக்கு இரண்டு கட்டு என்பதால் இன்னும் ஒன்றிரண்டு தடவை கூட்டிக்கொள்ளுங்கள். 106 சீட்டையும் ஒரே பிடியில் கலைக்கக் கை போதாது என்றால் இரண்டு குவியலாகப் பிரித்துத் தனித்தனியாகக் கலைத்து, பாதிப் பாதியாக மாற்றிச் சேர்த்து மறுபடி கலையுங்கள். கடைசியாகச் சீட்டுப் போடாத ஒருவரிடம் கொடுத்து வெட்டச் சொல்லிவிட்டுப் போடத் தொடங்கலாம்.